பவுல் தயாளனின் சாட்சி

பிள்ளைகளுக்கு, பின்னால் பவுல் ஆகிற சவுலின் கதையைச் சொல்லிக்கொடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. அவர்கள் ஸ்தேவானை விட்டு நகரமாட்டார்கள்.

பெரியவர்களுக்கு அந்தக் கதை தமஸ்குக்குப் போகும் வழியில்தான் ஆரம்பிக்கிறது. வானத்திலிருந்து வெளிச்சம், கீழே விழுகிற மனிதன், ஏன் என்னைத் துன்பப்படுத்துகிறாய் என்று கேட்கிற குரல். அந்த இடம் வந்ததும் கைக்குட்டையை எடுத்துவிடுவார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. ஸ்தேவான் என்கிற நல்ல மனிதரைக் கல்லால் அடித்தே கொன்றார்கள், அடித்தவர்கள் கழற்றிப் போட்ட மேல்துணிக்கு சவுல் காவல் நின்றார் என்று சொன்னேனோ இல்லையோ, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். கல் எவ்வளவு பெரிசு? தலையில் பட்டதா? போலீஸ் வரவில்லையா? ஓவியா மட்டும் வேறு ஒன்று கேட்டாள். மூன்றாவது படிக்கிற பெண். அவள் அப்பா அம்மா கோயிலுக்குப் போகிறவர்கள். ஞாயிறு காலையில் வீடு கொஞ்சம் அமைதியாக இருக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பிவிடுவார்கள்.

"மிஸ், ஸ்தேவானுக்கு அம்மா இருந்தாங்களா?"

"பைபிள்ல அதப் பத்திப் போடலம்மா."

"சவுல் நல்லவரா ஆயிட்டாரு இல்ல, அப்ப ஸ்தேவான் அம்மாகிட்ட போயி சாரி சொன்னாரா?"

"அதுவும் போடல."

"ஏன் மிஸ் போடல?"

பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தேன்.

எங்கள் சபை மாடம்பாக்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், டைல்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது. தகரக் கூரை. மற்ற நாட்களில் நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பியூலா மிஸ். பிள்ளைகளிடம் எனக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. கதையைக் கேட்டுவிட்டு ஓடிவிடக் கூடாது, திருப்பிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு வரியாக, ஒருவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர். அப்படிச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

அன்று வகுப்பு முடிகிற நேரத்தில் பாஸ்டர் எட்டிப் பார்த்தார். "சவுல் பாடம்தானே சிஸ்டர்? அடுத்த வாரம் நிஜமான ஒரு பவுலையே பிள்ளைங்களுக்குக் காட்றேன். பெரிய சாட்சி."

எனக்கு எரிச்சலாக வந்தது. எங்களைப் போன்ற சபைகளில் சாட்சிக்கு ஏக மவுசு. ஆண்டவர் தன்னை எப்படி மாற்றினார் என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்வதுதான் சாட்சி. பிறந்ததிலிருந்து யாருக்கும் கெடுதல் நினைக்காமல் மூலையில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு அந்த மைக் கிடைக்கவே கிடைக்காது. அவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்? வெட்டினேன், குத்தினேன், குடித்து உருண்டேன் என்று ஆரம்பித்தால்தான் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். பாவம் எவ்வளவு பெரிசோ ஸ்தோத்திரமும் அவ்வளவு பெரிசு.

இந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. என் தம்பி தீனா செத்து ஏழெட்டு வருஷமாகிறது. பெருங்களத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் அவனை ஒரு காலையில் மிதக்கக் கண்டார்கள். சட்டையெல்லாம் பிராந்தி வாடை, சட்டைப் பையில் பாதி பாட்டில். குடித்துவிட்டுத் தவறி விழுந்தான் என்று போலீஸில் எழுதி முடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நாளாக அவன் ஏரியில் கட்டட இடிபாட்டைக் கொட்டுகிற லாரிகளைப் போட்டோ எடுத்து ஆபீஸ் ஆபீஸாக அனுப்பிக்கொண்டிருந்தான். நான் அதைச் சொன்னேன். பாட்டிலைக் காட்டினார்கள். பாட்டிலோடு கிடந்தவனுக்காக எவ்வளவு நேரம் வாதாட முடியும்?

அதைவிடப் பெரிய அடி சபையில் விழுந்தது. அடக்கத்துக்கு முன்னால் பெட்டியைச் சபைக்குள் வைத்து ஆராதனை நடத்துவது எங்கள் வழக்கம். பாஸ்டர் மாட்டேன் என்றுவிட்டார். "குடிச்சு செத்தவனை உள்ள வெச்சா வெளியில இருக்கறவங்க சபையப் பத்தி இன்னா நெனைப்பாங்க சிஸ்டர்?" டைல்ஸ் கடை ஷட்டருக்கு முன்னால், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் பெட்டியை வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் சங்கீதம் வாசித்தார். மாடியிலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அன்றோடு என் அம்மா அமலராணி அந்தப் படிக்கட்டில் கால் வைப்பதை நிறுத்திக்கொண்டாள். நான் பிள்ளைகளுக்காகப் போய்க்கொண்டிருந்தேன். தெருவில் அம்மாவை இன்னும் சிலர் குடித்துச் செத்த பையனின் அம்மா என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அறைய வேண்டும் போலிருக்கும்.

அடுத்த ஞாயிறு அந்த நிஜமான பவுல் வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, வெள்ளைச் சட்டை, ஜிப் வைத்த உறையில் புது பைபிள், கழுத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. பிள்ளைகளோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பயந்து ஒதுங்கிய ஒரு சின்னவனின் மூக்கைத் துடைத்துவிட்டார். உள்ளதைச் சொல்வதென்றால், எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"பசங்களா, இந்த அங்கிள் முன்னாடி ரவுடி. பேரு தயாளன். ஊர்ல எல்லாம் என்னப் பாத்தாலே பேஜாராவுங்க. இப்ப என் பேரு பவுல். ஏன்னா என்ன ஏசப்பா மாத்திட்டாரு."

பெரியவர்களின் கூட்டங்களில் சொல்லிச் சொல்லிப் பழகிய சாட்சி அது. பிள்ளைகளுக்கென்று ஒன்றையும் குறைத்துக்கொள்ள அவருக்குத் தெரியவில்லை. ஜெயில், கத்தி என்று போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று பாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தியிருந்தார்.

"ஒரு ஏரியாண்ட எங்க லாரிங்க மண்ணு கொட்டிகினு இருந்துச்சி. ஒரு பையன் போட்டோ புடிச்சிகினே இருந்தான். சொன்னா கேக்கல. ஒரு நாளு சாயங்காலம் புடிச்சிட்டோம். குடிச்சிட்டு வுழுந்தா மாரி இருக்கணும்னு பிராந்திய வாயில ஊத்துனேன். துப்பிட்டான். மறுபடி ஊத்துனேன், துப்பிட்டான். 'வேணாண்ணா, எங்கம்மாக்கு ஸ்மெல் வரும்ணா'ன்னு அழுவறான். பாட்டில அவன் சட்டப் பாக்கெட்டுல வெச்சி, வுழாம பட்டன் போட்டேன். அப்பால தள்ளிட்டேன். அவ்ளோ கல்லு நெஞ்சு எனக்கு. அந்தக் கல்லத்தான் ஏசப்பா ஒடைச்சாரு."

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர்.

"அல்லேலூயா!" என்றன பிள்ளைகள், பழக்கத்தில்.

ஏரிகள் எவ்வளவோ இருக்கின்றன, லாரிகளும் அப்படித்தான், வேறு யாராவது ஒரு பையனாக இருக்கலாம் என்று ஒரு பக்கம் மனது சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குள் பாஸ்டர் உற்சாகமாகி, "எங்க, மிஸ் சொல்லிக்குடுத்தபடி அங்கிள் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்றார்.

அவர்களுக்குச் சொல்லவா வேண்டும்? கையைத் தூக்கிக்கொண்டு, நான் நீ என்று போட்டி போட்டார்கள்.

"ஒரு பையன் போட்டோ எடுத்தான்!"

"அங்கிள் பிராந்தி ஊத்தினாரு!"

"அவன் துப்பிட்டான்!"

"ரெண்டு தடவ துப்பிட்டான்!"

"பாட்டில பாக்கெட்டுல வெச்சி பட்டன் போட்டாரு!"

"ஏரியில தள்ளிட்டாரு!"

நல்ல கணீரென்ற குரல்கள். ஒரு வரிகூட விடவில்லை. அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தேன். கரையில் போட்டிருந்த தீனாவின் சட்டைப் பை பட்டனைக் கழற்றி அந்தப் பாட்டிலை வெளியே எடுத்தது நான்தான். தவறி விழுந்தவன் எதற்கு பட்டன் போட்டுக்கொள்வான் என்று அன்றைக்கே கேட்டேன், யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது ஓவியா என்னைப் பார்த்து, "சரியா சொன்னோமா மிஸ்?" என்றாள். சரி என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடிந்தது என்னால்?

பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் அவனை நிறுத்தினேன். ஆம், அவனைத்தான். 'அவர்' எல்லாம் அதற்கு மேல் என் வாயில் வரவில்லை. அது பெருங்களத்தூர் ஏரிதானே என்று கேட்டேன். ஆமாம் என்றான். என் தம்பி என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அவன் பேரு இன்னாக்கா?"

பேர்கூடத் தெரியாமல்தான் கொன்றிருக்கிறான். பேர்கூடத் தெரியாமல்தான் ஊர் ஊராகச் சாட்சி சொல்லியிருக்கிறான்.

"தீனா" என்றேன். "எங்க அம்மா உயிரோட இருக்காங்க. நீ சபையில எல்லார் முன்னாடியும், அவன் குடிக்கலன்னு சொல்லணும். அப்புறம் ஸ்டேஷன்ல வந்து சொல்லணும்."

அவன் அழுதான். நடிப்பு என்று சொல்லமாட்டேன், நிஜமாகவே அழுதான். "எனக்கு ஒரு பொண்ணு கீதுக்கா. இப்பத்தான் நடக்குது. அந்தத் தயாளன் செத்துட்டான்கா. ஞானஸ்நானத் தண்ணியில முழுகிட்டான். நான் பவுலு."

"முழுகினது என் தம்பி" என்றேன். "அந்த வெளிச்சத்துல சவுலுக்குக் கண்ணு போனப்ப கை வெச்சு ஜெபம் பண்ண வந்தவரு, சவுலேன்னுதான் கூப்பிட்டாரு. மனசு மாறின ஆளுன்னு தெரிஞ்சும் பழைய பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. நீ எனக்குத் தயாளன்தான்."

"பாஸ்டரு சொன்னா சொல்றேன்கா" என்றான் கடைசியில். அவனுக்கு ஒளிந்துகொள்ள ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

பாஸ்டர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் போய்க் கேட்டேன். போலீஸை விடுங்கள், நீங்கள் மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள், தீனா குடித்துச் சாகவில்லை, அந்தப் பெட்டியை வெளியில் வைத்தது தப்பு என்று சொல்லுங்கள், அது போதும் என்று கெஞ்சினேன். கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"சொன்னா அடுத்து எவன் கொன்னான்னு கேப்பாங்க. ஆண்டவர் மன்னிச்சத நாம கெளறலாமா? ஸ்தேவான் சபையார் பவுல ஏத்துக்கலையா சிஸ்டர்?"

"பவுல் எத்தனையோ ஜெயிலுக்குப் போனாரு பாஸ்டர். ஸ்தேவானுக்காக ஒண்ணுக்கும் போகல. அத நீங்க பிரசங்கத்துல சொன்னதே இல்ல."

"வார்த்தைய அளந்து பேசுங்க" என்று எழுந்துவிட்டார். ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "செத்தவனோட அக்காவும் சின்னப் பசங்களும் சொல்றத வெச்சிகினு இன்னாம்மா பண்றது? அந்த ஆளு வந்து எழுதிக் குடுக்கட்டும், பாக்கலாம்" என்றார். பிள்ளைகளின் வீடுகளிலும் விஷயம் பரவி, வகுப்பில் பாதிப் பேர் குறைந்துபோனார்கள்.

அம்மாவிடம் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளினேன். அதற்கு மேல் முடியவில்லை. அவள் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து யாருடைய பட்டுப் புடவைக்கோ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, தீனா குடிக்கலம்மா. புடிச்சுத் தள்ளிவிட்டிருக்காங்க. தள்ளினவனே சொன்னான்" என்றேன். துப்பினதையும் அழுததையும் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அவள் விழுந்து புரண்டு அழுவாள், அவள் பட்ட அவமானம் எல்லாம் அழுகையில் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"அவன் எப்ப சபைக்கு வர்றான்?"

"இந்த ஞாயித்துக்கிழமை. பெரியவங்க ஆராதனையில சாட்சி சொல்றான்."

"நான் அவன் வாயால கேக்கணும்" என்றாள்.

அந்த ஞாயிறு அம்மா அந்தப் படிக்கட்டில் ஏறினாள். கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள். சிலர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். நாங்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். எனக்குள் ஒரு வெறி இருந்தது. இன்றைக்கு இவர்கள் எல்லாரும் கேட்கப் போகிறார்கள் என்ற வெறி.

தயாளன் மைக்கைப் பிடித்தான். என்னைப் பார்த்தான், பார்வையை மாற்றிக்கொண்டான். ஏரி வரவில்லை. லாரி வரவில்லை. "பல பாவங்கள் செஞ்சேன், ஆண்டவர் மன்னிச்சாரு" என்று நாலு வரியில் முடித்துவிட்டான். அதைக் கத்தரித்துக் கொடுத்த பாஸ்டர் பக்கத்திலேயே கண்ணை மூடி நின்றிருந்தார். கூட்டத்துக்கும் சப்பென்று போய்விட்டது, ஸ்தோத்திரம்கூட அரைகுறையாகத்தான் வந்தது.

அதன் பிறகு ஜெபத்துக்காக முன்னால் வருகிறவர்கள் வரலாம் என்றார்கள். முழங்கால் வலி, வேலை, பிள்ளை இல்லை என்று அவரவர் பாரத்தைச் சொல்ல, தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். சாட்சி சொன்னவரும் கை வைப்பது வழக்கம், மாற்றப்பட்ட கைக்கு வல்லமை அதிகம் என்று நம்பிக்கை. நான் தடுப்பதற்குள் அம்மா எழுந்து போய் அந்த வரிசையில் நின்றுவிட்டாள். அவள் முறை தயாளனிடம் வந்தது.

அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தலையில் கையை வைத்து, மைக்கை அவள் வாயருகே இறக்கி, "இன்னாம்மா, எதுக்காவ ஜெபிக்கணும்?" என்று அன்பாகக் கேட்டான்.

"நான் தீனாவோட அம்மா" என்றாள். மைக் அதைப் பிடித்துக் கூரை வரைக்கும் கொண்டுபோனது. "என் பிள்ள குடிச்சிருந்தானா?"

அவன் கை அவள் தலைமேலேயே நின்றுவிட்டது. எடுக்கவும் தெரியவில்லை, வைக்கவும் தெரியவில்லை. பாஸ்டர் கீபோர்டு பையனுக்குக் கையைக் காட்டினார். பாட்டு ஆரம்பித்தது.

"சொல்லுப்பா."

"இல்லம்மா" என்றான் தயாளன். "குடிக்கல. நான்தான் ஊத்துனேன். துப்பிட்டான்."

"கொஞ்சங்கூட உள்ள போகல?"

"போவலம்மா. சொட்டுகூட முழுங்கல."

"அப்ப கடைசி வரைக்கும் நெனவோடதான் இருந்தானா?"

அம்மா ஏன் அதைக் கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமாம்மா. உங்களத்தான் கூப்ட்டுகினு இருந்தான்."

பின்வரிசையிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார்கள். கீபோர்டு நின்றுபோனது. மைக் இருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாஸ்டரின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா தன் தலையில் இருந்த அவன் கையை, ஒரு துணியை எடுப்பதுபோல எடுத்துக் கீழே விட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சபிக்கவும் இல்லை. அவன் முழங்காலில் விழுந்து என்னென்னவோ சொன்னான். அவள் அதற்குள் படிக்கட்டுக்குப் போயிருந்தாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எத்தனை வருஷத்துப் பாரம்! மெயின் ரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கும்போதும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"எல்லாரும் கேட்டாங்கம்மா. ஒருத்தர் விடாம கேட்டாங்க. இனிமே எவளாவது வாயத் தொறக்கட்டும், பாத்துக்கறேன். அவன ஸ்டேஷனுக்கும் இழுத்துட்டுப் போறேனா இல்லையா பாரு. நம்ம தீனா குடிக்கலம்மா!"

வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் பஸ் வந்தது, அம்மா ஏறவில்லை, அதனால் நானும் ஏறவில்லை. முந்தானையால் தன் உச்சந்தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் குடிக்கமாட்டான்னு எனக்குத் தெரியாதாடி? பெத்தவளுக்குத் தெரியாதா?" என்றாள் ஒருவழியாக. "ஆனா, அன்னிக்கு ஒரு நாளு மட்டும் குடிச்சிருப்பான்னு நானா நெனச்சிக்கிட்டேன். குடிச்சிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது இல்ல? மயக்கத்துலயே போயிருப்பான். வலிச்சிருக்காது, பயந்திருக்கமாட்டான். தெனமும் அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"இனிமே எத நெனச்சிக்கிட்டு தூங்குவேன், பியூலா?"